பிராணவாயுவினால் என்ன கெடுதல்?

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாய் ஆலய முற்றத்து வேப்பமர நிழலில் நம்மை எதிர்பார்த்து நின்றார். இடுப்பில் ஏழு வயது மகன். ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமக்க வேண்டிய காரணத்தைப் பங்கில் யாவரும் அறிவர். பிறந்தபோது அழாத குழந்தை அது. மூளைக்குச் செல்லவேண்டிய பிராணவாயு சில நிமிடங்கள் தடைப்பட்டமையால், கைகால்கள் விறைத்து, நாவும் சொற்படி கேளாத நிலையில் வளர்ந்து வருகிறது. மூளை முடக்குவாதம் என்பர் மருத்துவர்.

அத்தாயின் கையில் பளபளப்பான ஒரு துண்டுப் பிரசுரம். கண்ணாடிக் குழாய் போன்ற நீண்ட பேழை. அதனுள் புன்னகையோடு படுத்திருக்கும் ஒரு சிறுவன். நாற்பது நாட்கள், நாள்தோறும் ஒரு மணி நேரம், அழுத்தமேற்றிய தூய பிராணவாயுவைச் சுவாசித்தால், உறங்கிக் கிடக்கும் மூளை விழித்துக்கொள்ளும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கீழே சற்றுப் பெரிய எழுத்தில், பக்க விளைவுகள் அறவே இல்லை என்றும் இருந்தது. செலவுக்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க நாள் பார்த்தாயிற்று.

"நன்மை வருமோ வராதோ, அது ஆண்டவர் சித்தம். கெடுதல் வராது அல்லவா, ஐயா? இது மருந்தா, ஊசியா? பிராணவாயுதானே! அதனால் என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று கேட்டார்.

நாம் மருத்துவர் அல்லோம். அன்று விடை சொல்ல நம்மால் இயலவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டுக்கொண்டோம். மருத்துவ நண்பர் ஒருவரை அணுகினோம். அவர் தந்த நூல்களையும் கட்டுரைகளையும் புரிந்த மட்டும் படித்தோம். அத்தாயின் கேள்வி சிறியதன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக அறிஞர்கள் கேட்டுவந்த கேள்வி அது. சிலர் அதற்கு விடை காணத் தம் உடலையே பணயம் வைத்திருக்கிறார்கள்.

பிராணவாயுவைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தவர்களுள் முதன்மையானவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர். தொழிலால் அவர் ஒரு புராட்டஸ்டாண்டுப் போதகர். 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்துப் பாதரசத்தின் செந்நிறப் பொடியைச் சூடேற்றிய பொழுது அதிலிருந்து ஒரு வாயு வெளிப்பட்டது. மெழுகுதிரி அதில் பேரொளியுடன் எரிந்தது. அடைபட்ட சாதாரணக் காற்றில் வாழ்வதைக் காட்டிலும் நெடுநேரம் ஒரு சுண்டெலி அதில் உயிர் வாழ்ந்தது. தாமும் சுவாசித்துப் பார்த்தார். நெஞ்சு இலேசானதாக உணர்ந்தார். எனினும் அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. இவ்வாயுவில் மெழுகுதிரி விரைவில் எரிந்து தீர்வதைப் போல, உடல்நலமுள்ள மனிதனின் உயிராற்றலும் விரைவில் தீர்ந்துவிடுமோ என்று எழுதிவைத்தார். கண்டுபிடித்த கையோடு எச்சரிக்கையும் எழுதிய மனிதர்!

அந்த ஐயத்தைச் சோதனையால் உறுதிப்படுத்தியவர் பால் பெர் என்ற பிரெஞ்சு அறிஞர். காற்றின் அழுத்தம் உயிர்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றி 1878-இல் அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். வானம்பாடிகளை இரும்புக் கலத்தில் அடைத்து, உள்ளிருந்த காற்றின் அழுத்தத்தைப் பதினைந்து இருபது மடங்கு உயர்த்தினார். பறவைகள் துடிதுடித்து வலிப்புக் கண்டன. அழுத்தந்தான் காரணமோ? அன்று. தூய பிராணவாயுவைக் கொண்டு சோதித்தபோது அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அதே வலிப்பு வந்தது. குற்றவாளி பிராணவாயுவே, அழுத்தம் அதற்குக் கதவு திறந்துவிடும் ஆள். இன்றும் மருத்துவ நூல்கள் இவ்வலிப்பை அவர் பெயராலேயே குறிக்கின்றன.

அழுத்தம் எவ்வாறு கதவு திறக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் 21 பங்கே பிராணவாயு. கடல் மட்டத்தில் நம்மீது அமர்ந்திருக்கும் காற்றின் சுமையை ஒரு வளிமண்டல அழுத்தம் என்பர். கடலில் பத்து மீட்டர் ஆழம் இறங்கினால் இன்னொரு வளிமண்டலம் கூடுகிறது. இருபது மீட்டரில் மொத்தம் மூன்று. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் வேலையைச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் செய்கிறது. நலமாயிருக்கும் ஒருவரிடம் இவ்வண்டிகள் ஏற்கெனவே நிறைந்துதான் ஓடுகின்றன. மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் சோடாப் புட்டியில் அழுத்தத்தால் வாயுவை நீரில் கரைப்பது போல, அழுத்தம் கூடினால் பிராணவாயு இரத்தத்தின் நீர்ப் பகுதியிலேயே நேராகக் கரைகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கையில் நூறு மில்லி இரத்தத்தில் இவ்வாறு கரைந்திருப்பது 0.3 மில்லி அளவே. மூன்று வளிமண்டல அழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் அது ஏறத்தாழ 6 மில்லி ஆகிவிடும். இருபது மடங்கு! சிவப்பணுவே இல்லாவிடினும் உடலின் தேவைக்கு ஏறக்குறைய அதுவே போதும்.

தொட்டியின் அடியில் ஒரு பூதம்

மனிதர் எவ்வளவு தாங்குவர் என்பதை அறியும் நிர்ப்பந்தம் போரினால் வந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்ப்பூல் வளைகுடாவில் மூழ்கி 99 பேர் மாண்டனர். அடைபட்ட கலத்தில் உயிர் எவ்வாறு பிரிகிறது, தப்புவது எங்ஙனம் என்று ஆராயும் பணியில் ஈடுபட்டவர்களுள் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர் ஒருவர். பிறரைச் சோதிக்குமுன் தம்மையே சோதித்துக்கொள்ளும் இயல்பினர். மிகு அழுத்தப் பிராணவாயுவைத் தாமே சுவாசித்து வலிப்புக்கு ஆளானார். அவ்வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பில் நேர்ந்த காயம் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை. இவர் நமக்கு அந்நியரும் அல்லர். 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, நம் நாட்டுக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

அவருக்குப் பின், 1942 முதல் போர் முடியும்வரை, பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்ட் இவ்வாராய்ச்சியை மிக விரிவாக நடத்தினார். எதிரியின் துறைமுகத்துக்குள் நீருக்கடியில் புகும் வீரர்கள், குமிழிகள் மேலெழுந்து காட்டிக்கொடுக்காதிருக்கத் தூய பிராணவாயுவையே சுவாசித்தனர். அவர்களுள் சிலர் காரணம் தெரியாமல் நினைவிழந்தனர். தாமாக முன்வந்த வீரர்களைக் கொண்டு டொனால்ட் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். அவற்றின் முடிவுகள் 1947-இல் வெளிவந்தன.

நம்மை வியக்க வைத்தவை அவற்றில் கண்ட எண்கள். 36 பேரை உலர்ந்த அறையில், 90 அடி ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் வைத்தார். ஒருவர் 96 நிமிடம் தாங்கினார். ஆறு பேர் பத்து நிமிடத்துக்குள்ளாகவே துவண்டனர். ஒரே மனிதன், ஒரே அழுத்தம் என்றால் கணக்கு ஒத்துவருமா? அதுவும் இல்லை. ஒரு வீரரை மூன்று மாதகாலம் மீண்டும் மீண்டும் 70 அடி நீரில் சோதித்தார். ஒரு நாள் ஏழே நிமிடத்தில் அடையாளம் தோன்றியது. மற்றொரு நாள் 148 நிமிடம்வரை ஒன்றுமில்லை! நேற்று தாங்கியவன் இன்று தாங்குவான் என்று சொல்வதற்கில்லை. தூய பிராணவாயுவுடன் 25 அடிக்குக் கீழே இறங்குவது ஆபத்தென்று டொனால்ட் முடிவு கட்டினார். வீரர்களோ இக்கண்ணுக்குத் தெரியாத பகைக்கு 'ஆக்ஸிஜன் பீட்' என்று பெயர் சூட்டி, சோதனைத் தொட்டியின் அடியில் பதுங்கியிருந்து பாயும் பூதம் என்று பேசிக்கொண்டார்கள். நம் ஊர்க் குளத்தடிப் பேயைப் பற்றிச் சிறுவர்கள் பேசுவது போலத்தான்!

வருமுன் காட்டும் குறிகள் சில உண்டு. உதடு துடித்தல் அவற்றுள் அடிக்கடி காணப்படுவது. கண்பார்வை இருபுறமும் சுருங்கிக் குழாய் வழியே பார்ப்பது போலாதல், காதில் இரைச்சல், குமட்டல், தலைசுற்றல், காரணமற்ற எரிச்சல் ஆகியனவும் தோன்றலாம். இவற்றுள் ஒன்றும் தோன்றாமல் நேராக வலிப்பே வருவதும் உண்டு. அதுதான் இதன் வஞ்சகம்.

மூளையில் நடப்பது என்ன? பிராணவாயு மிகும்போது, உடலின் அணுக்களில் அரித்துத் தின்னும் தன்மையுள்ள சில துணுக்குப் பொருள்கள் மிகுதியாக உண்டாகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல் என்று நம் மருத்துவ நண்பர் எளிமைப்படுத்திச் சொன்னார். சிறிய அளவில் இவை எப்போதும் உண்டாகின்றன; உடல் அவற்றை உடனுக்குடன் அடக்கிவிடுகிறது. அளவு மீறினால் அடக்குவாரில்லை. நரம்பணுக்களின் துடிப்பை அமைதிப்படுத்தி வைக்கும் இரசாயனப் பொருளும் குறைந்துபோகிறது. மூளைக்கு இயற்கை ஒரு வாயிற்காவலையும் வைத்திருக்கிறது: பிராணவாயு மிகுந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, வரத்தைக் குறைக்கின்றன. நேரம் நீண்டாலோ, உடலில் கரியமில வாயு தேங்கினாலோ அந்தக் காவல் தளர்ந்து, குழாய்கள் விரிந்து, பிராணவாயு வெள்ளமெனப் புகுகிறது. நீரில் உழைத்து மூச்சுத் திணறும் வீரர்கள் விரைவில் வலிப்புக் கண்டதற்கும், உலர்ந்த அறையில் அசையாது படுத்திருக்கும் நோயாளி அதிக நேரம் தாங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

போர்க்களத்திலிருந்து மருத்துவமனைக்கு

இவ்வளவு அஞ்சத்தக்கதை மருந்தாக்கியது ஏன் என்று வாசகர் கேட்கலாம். 1960-இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் அறுவை மருத்துவர் போரெமா, பன்றிக்குட்டிகளின் இரத்தத்தை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, சிவப்பணுக்கள் இல்லாத திரவத்தை ஏற்றி, மூன்று வளிமண்டலப் பிராணவாயுவில் அவற்றை உயிரோடு வைத்திருந்ததாக அறிவித்தார். பின்னர் இரத்தத்தைத் திருப்பி ஏற்றியதும் அவை பிழைத்தன. உலகெங்கும் மருத்துவமனைகளில் அழுத்த அறைகள் எழுந்தன.

முதிய வாசகர்களுக்கு 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நினைவிருக்கலாம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாக, நுரையீரல் முதிராமல் பிறந்தான். உடனே ஞானஸ்நானம் கொடுத்து, பாஸ்டன் நகருக்குக் கொண்டுசென்று, இத்தகைய ஓர் அறைக்குள் வைத்துப் போராடினார்கள். மூச்சுக்கு ஏங்கிய அச்சிசு இரண்டு நாள் முடியுமுன் இறந்தது. அன்றைய மருத்துவம் அறிந்த வழிகளில் கடைசி வழி அது.

இன்று இச்சிகிச்சைக்கு உரிய இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆழ்கடலிலிருந்து விரைந்து மேலெழுந்ததால் இரத்தத்தில் குமிழிகள் தோன்றும் நோய், இரத்தக் குழாயில் காற்று அடைத்தல், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு, தசையை அழுகச் செய்யும் ஒருவகைக் கிருமிநோய், கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிதைந்த தாடையெலும்பு, ஆறாத சில நீரிழிவுப் புண்கள் ஆகியன அவற்றுட் சில. இவ்விடங்களில் இது காலையும் உயிரையும் காத்திருக்கிறது. இதை இகழ நமக்கு எண்ணமில்லை.

நம் கடற்கரைப் பங்குகளில் சங்கு குளிக்கச் செல்வோருக்கு இவ்விடத்தில் ஒரு சொல். மூச்சடக்கி முங்கிய முன்னோருக்கு இல்லாத ஓர் ஆபத்து, குழாய் வழியே இயந்திரக் காற்றைப் பெற்று நெடுநேரம் அடியில் இருப்பவருக்கு உண்டு. அவர்கள் சுவாசிப்பது சாதாரணக் காற்று. ஆகவே பிராணவாயு வலிப்பு அவர்களுக்குப் பெரும் பகையன்று. விரைந்து மேலேறுகையில் தண்டுவடத்தில் தோன்றும் குமிழியே பகை. கரையேறியபின் கால் மரத்துப்போனால், மூட்டில் தாங்கொணா வலி வந்தால், தைலம் தேய்த்துக் காத்திராது மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்நோய்க்கு அழுத்த அறையே மெய்யான மருந்து. நேரம் கடந்தால் கால் திரும்பாது.

சிகிச்சையின்போது அழுத்தம் பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை வளிமண்டலம். மூன்றுக்கு மேல் போவதில்லை. இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை முகமூடியை நீக்கி ஐந்து நிமிடம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் சொல்கிறார்கள். மூளையின் காவல் மீண்டும் நிலைபெற இந்த இடைவேளை உதவுகிறது. இவ்வாறு ஒழுங்காக நடக்கும் இடங்களில் வலிப்பு மிக அரிது: ஏறத்தாழ பத்தாயிரம் அமர்வுகளுக்கு ஒன்று என்ற அளவே. வந்தாலும், பிராணவாயுவை நிறுத்தியதும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். நிலையான காக்கைவலிப்பாக அது மாறுவதில்லை. மூளையில் தழும்பு வைப்பதும் இல்லை. அச்சமூட்டுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை என்பதை வாசகர் உணரவேண்டும்.

ஆனால் வலிப்பு வந்த அந்த இரண்டு நிமிடத்தில் அருகில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. பேழைக்குள் ஒரு பிள்ளை துடிப்பதைக் கண்டால், ஈன்றவளுக்கும் இயந்திரத்தை இயக்குபவனுக்கும் முதலில் தோன்றுவது என்ன? அழுத்தத்தை இறக்கு, கதவைத் திற, பிள்ளையை வெளியே எடு! அதையே செய்யக் கூடாது. வலிப்பின்போது தொண்டைக் குரல்வளை இறுக மூடியிருக்கும். அழுத்தம் குறைந்தால் நுரையீரலில் அடைபட்ட காற்று விரியும். வெளியேற வழியின்றி நுரையீரலைக் கிழித்து, இரத்தக் குழாயில் புகுந்து, குமிழியாக மூளையை அடைந்து அடைத்துக்கொள்ளும். தானே அடங்கிவிடக்கூடிய வலிப்பு, பக்கவாதமாகவோ மரணமாகவோ முடியலாம். அழுத்தத்தை இருந்தபடியே வைத்து, பிராணவாயுவுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றைக் கொடுத்து, வலிப்பு அடங்கி மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். இதனைச் செய்யப் பயிற்சி வேண்டும்; மனத்திண்மையும் வேண்டும். இத்துறையில் தேர்ந்த மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இல்லாத இடத்தில் இவ்விரண்டும் எங்கிருந்து வரும்?

வலிப்புக்கான வாசலைத் தாழ்த்திவிடும் நிலைகள் பல. காய்ச்சல், முன்னரே உள்ள வலிப்பு நோய், தைராய்டு மிகுதி, ஸ்டீராய்டு மருந்துகள், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை, டிரமடால் போன்ற வலி மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் முன்கூட்டியே கேட்டறிவர். நீரிழிவுக்காரருக்கு வேறொரு கண்ணியும் உண்டு. அறைக்குள் இருக்கும்போது சர்க்கரை அளவு பெரும்பாலும் இறங்குகிறது. காலை இன்சுலினைப் போட்டுக்கொண்டு, அவசரத்தில் சரிவர உண்ணாமல் உள்ளே போனவருக்குச் சர்க்கரை குறைவாலும் வலிப்பு வரலாம். இரண்டில் எது என்று கண்ணாடிக்கு வெளியே நிற்பவர் எங்ஙனம் அறிவார்? ஆகவேதான் நல்ல மருத்துவமனைகளில் ஒவ்வொரு முறையும் விரலில் குத்திச் சோதித்த பின்னரே உள்ளே அனுப்புகிறார்கள்.

கார்பன் மோனாக்சைடு நச்சில் இவ்விரு முகமும் ஒன்றாகத் தெரிகின்றன. புகையால் மயங்கியவரின் மூளையைப் பின்னாளைய மறதியினின்றும் தடுமாற்றத்தினின்றும் காக்க அழுத்த அறையை நாடுகிறார்கள். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆறு வாரம் கழித்து அறிவுத் தடுமாற்றம் இருந்தோர், அழுத்தப் பிராணவாயு பெற்றவருள் நூற்றுக்கு 25, பெறாதவருள் 46. வேறு நாட்டு ஆய்வொன்று இத்தகைய பயனைக் காணவில்லை; வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் நஞ்சேறிய மூளை வலிப்புக்கும் எளிதில் ஆளாகிறது. இந்நோயாளிகளைப் பற்றிய ஒரு கணக்கில், அழுத்தம் 2.45 வளிமண்டலமாக இருந்தபோது வலிப்பு நூற்றுக்கு 0.3, 2.8 ஆனபோது 2. மூன்று ஆனபோது 3. அழுத்தத்தில் சிறு ஏற்றம், ஆபத்தில் பத்து மடங்கு! பிராணவாயுவை மாத்திரையைப் போல அளந்து கொடுக்கவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, அந்தத் தாயின் மகனிடம் வருவோம். மூளை முடக்குவாதத்துக்கு இச்சிகிச்சை பயன்படுமா என்பதைக் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் நேர்மையாகச் சோதித்தார்கள். முடிவு 2001-இல் வெளியாயிற்று. மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 111 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு 1.75 வளிமண்டலத்தில் தூய பிராணவாயு. மறு பகுதியினருக்கு இலேசான அழுத்தத்தில் வெறும் காற்று. இரு சாராருக்கும் நாற்பது அமர்வுகள். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவில் குழந்தைகள் முன்னேறியிருந்தனர் என்பது உண்மை. ஆனால் இரு சாராரும் ஒரே அளவில் முன்னேறியிருந்தனர்! வெறுங்காற்றுக்கும் இலேசான அழுத்தமுண்டே, அதுவே பயன் தந்திருக்கலாம் என்று சிகிச்சையின் ஆதரவாளர் வாதிட்டனர். அதற்கும் விடை காண முயன்றார்கள். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரு சாராரையும் ஒரே 1.5 வளிமண்டல அழுத்தத்தில் வைத்து, ஒரு சாராருக்கு மட்டும் பிராணவாயுவின் பங்கைக் குறைத்து, வெளியில் சுவாசிப்பதற்கு ஈடாக்கினார்கள். 49 குழந்தைகளை வைத்துத் தொடங்கிய அந்த ஆய்விலும் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 2013-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பக்கவாதம் முதலியவற்றுக்கு இச்சிகிச்சை பயன் தரும் என்பது நிறுவப்படவில்லை என்று மக்களை எச்சரித்தது.

அப்படியானால் வெறுங்காற்றுப் பெற்ற குழந்தைகள் முன்னேறியது எதனால்? நாற்பது நாள் தாயோ தந்தையோ வேலையை விட்டுவிட்டு அருகிலேயே இருந்தனர்; பேசினர், விளையாடினர், புதிய ஒவ்வோர் அசைவையும் கண்டு மகிழ்ந்தனர். வளரும் பிள்ளை இரண்டு மாதத்தில் தானாகவும் சிறிது முன்னேறும். இது நம் ஊகமே. ஆயினும் இந்த இடத்தைப் படித்தபோது அந்தத் தாயின் இடுப்பும் அதில் ஒட்டிக்கிடந்த சிறுவனும் நம் கண்முன் வந்தார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒன்றரை வளிமண்டலம் போன்ற தாழ்ந்த அழுத்தத்தில் வலிப்பின் ஆபத்து மிகக் குறைவு. காதுவலியே பெரும்பான்மையான தொல்லை. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுள் மூவரில் ஒருவருக்காவது வலிப்பு நோயும் உடனிருக்கிறது என்பதுதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. அவர்களுக்கு அந்த வாசல் முன்னரே தாழ்ந்திருக்கிறது. மேலும், பிராணவாயு நிறைந்த பேழையில் ஒரு பொறி விழுந்தால் அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1997-இல் மிலான் நகரில் இத்தகைய அறையில் பற்றிய தீ 11 உயிர்களைக் கொண்டது. 2009-இல் மூளை முடக்குவாதத்துக்காக இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட நான்கு வயதுச் சிறுவனும், துணையாக உடன் உள்ளே இருந்த பாட்டியும் தீக்கிரையாயினர். 2025 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் பேழைக்குள்ளேயே மாண்டான். அவனுக்கு அளித்த சிகிச்சையும், இது பயன்படும் என்று நிறுவப்படாத குறைகளுக்காகவே.

இரண்டு வாரம் கழித்து அத்தாயைச் சந்தித்து, இவற்றுள் வேண்டியவற்றை மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இவனுக்கு நான்கு வயதில் இரண்டு தடவை வலிப்பு வந்தது, ஐயா. இன்றுவரை மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதை அங்கே யாரும் கேட்கவே இல்லையே" என்றார். துண்டுப் பிரசுரத்தின் பின்புறத்தில் பூர்த்தி செய்யவேண்டிய படிவம் இருந்தது. வாங்கிப் பார்த்தோம். பெயர், வயது, எடை, தொலைபேசி எண், பணம் செலுத்தும் முறை. வேறு ஒன்றுமில்லை.

அவரே அந்நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பிள்ளைக்கு உள்ளே வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். உடனே கதவைத் திறந்து எடுத்துவிடுவோம், கவலை வேண்டாம் என்று பதில் வந்ததாம். மருத்துவர் எப்போது இருப்பார் என்று கேட்டதற்கு, சனிக்கிழமைதோறும் வருவார் என்றார்களாம்.

சங்கிலி இன்னும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மகனை அரசு மருத்துவமனைக்கு இயன்முறைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறார். போகவர மூன்று பேருந்து மாறவேண்டும். சென்ற வாரம் கோயில் வாசலில் கண்டபோது, பிள்ளையின் கால் கட்டைக்கு வார் அறுந்துவிட்டதென்றும், தைக்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.